கண்டு நிற்கை: அமலனாதிபிரான் காட்டும் அநுபவ முறை

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் 'அநுபவம்' என்னும் சொல்லுக்கு உள்ள கனம் உலக வழக்கில் அதற்கு இல்லை. உலக வழக்கில் அநுபவம் என்பது ஒருவனுக்கு நேர்வது. மழையில் நனைவதைப்போல, அவன் ஒன்றும் செய்யாமலே வந்து சேர்வது. பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களில் 'குணாநுபவம்' என்று வருமிடங்களில், அநுபவிக்கிறவனுடைய நெஞ்சு எங்கே நிற்கிறது, எதைவிட்டு எதற்குப் போகிறது, போனது ஏன் என்ற விசாரமும் கூடவே நடக்கும். நல்லதொன்று எதிரே இருந்தால் மட்டும் போதாது. நெஞ்சு அதில் தங்கவேண்டும். தங்குவதற்கு அதைப் பழக்கவேண்டும். அந்தப் பழக்கத்தை ஆழ்வார்களும் ஆசார்யர்களும் காட்டியருளின முறையும், அதனுள் ஒளிந்திருக்கும் ஓர் அபாயத்தை அவர்கள் விலக்கின வகையும் இங்கே ஆராயத்தக்கன.

சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர். அரிசிமாவைப் பிசைந்து, விரல்களுக்கிடையே முறுக்கி முறுக்கி, சுற்றுக்குள் சுற்றாக அடுக்கும் வேலை அது. கை சற்று விரைந்தாலும் இழை அறுந்துபோகும். அவ்வூரிலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்தேறுகிறவர் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். மனம் வீட்டுக் கடனிலும் பிள்ளையின் வேலையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இராசிபுரம் வருமுன் பொட்டலம் காலியாகிவிடுகிறது. நாவில் சுவை பட்டதா என்றால் பட்டது. அவர் சுவைத்தாரா என்றால் இல்லை. இதே மனிதர் நாமக்கல்லில் இறங்கி எம்பெருமான் ஸந்நிதிக்குப் போனாலும் இதுவே நடக்கிறது. நெடுந்தூரம் வந்து, வரிசையில் நின்று, திரை விலகித் திருமேனி கண்ணெதிரே தோன்றும்போது அவர் கண்களை மூடிக்கொள்கிறார்! மூடிய கண்ணுக்குள் வேண்டுதல் பட்டியல் ஓடுகிறது. தீர்த்தமும் துளசியும் சடாரியும் ஆனபின் வெளியே வருகிறவரிடம், பெருமாளுக்கு இன்று என்ன நிறத்தில் திருப்பரிவட்டம் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இது பக்திக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. நெஞ்சின் இயல்பே இப்படி அமைந்திருக்கிறது. நல்லதைக்காட்டிலும் தீயது மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதை ராய் பாமைஸ்டர் முதலிய உளவியலாளர்கள் 2001இல் ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பில் எடுத்துக்காட்டினார்கள். நல்ல அநுபவத்தை நெஞ்சில் நிறுத்திச் சுவைப்பதும் ஒரு தனித்திறன், அது பயிற்சியால் வளரக்கூடியது என்று பிரெட் பிரயன்ட், ஜோசப் வெராஃப் என்ற இருவர் 2007இல் ஒரு நூலே எழுதினார்கள். நம் பெரியோர்க்கு இது புதுச்செய்தி அன்று. ஆயினும் அவர்கள் நின்ற இடத்துக்கும் உளவியலார் நிற்கும் இடத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு; அது பின்னே விளங்கும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்தருளின திவ்யதேசம் ஒன்றும் இல்லை. கொங்கு நாட்டுக்கு இது ஒரு குறையாகவே சொல்லப்படும். ஆனால் அநுபவிக்கத் திருமேனிக்குக் குறைவில்லை. சேலத்தில் கோட்டை அழகிரிநாதர், திருச்செங்கோட்டு மலையில் ஆதிகேசவப் பெருமாள், நாமக்கல்லில் ஒரே மலையின் இருபுறத்திலும் இரண்டு குடைவரைகள். மேற்கே நரஸிம்மர், கிழக்கே அரங்கநாதர். கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் குடும்பத்தார் போற்றிவந்த நாமகிரித் தாயார் எழுந்தருளியிருப்பதும் இம்மலையடிவாரத்தில்தான். அதியர் மரபைச் சேர்ந்த குணசீலன் குடைவித்த அரங்கநாதர் குடைவரையை அங்குள்ள கல்வெட்டு 'அதியேந்த்ர விஷ்ணுக்ருஹம்' என்று குறிக்கிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது ஆய்வாளர் கருத்து. எம்பெருமான் கார்க்கோடகன்மேல் சயனித்திருப்பதாக ஸ்தலத்தார் சொல்லுவர். மலையையே குடைந்து வடித்த திருமேனி அது. பெயர்த்து எடுத்துப்போக ஒண்ணாதது.

கொங்கு வெயிலிலிருந்து இந்தக் குடைவரைக்குள் நுழைகிறவருடைய கண்ணுக்கு முதலில் இருட்டே தெரியும். கண் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறவர் இருட்டைக் கும்பிட்டவராகவே போகிறார். நின்றவருக்கு ஓர் அவயவம் பின் ஓர் அவயவமாகத் திருமேனி விளங்கும். சயனத் திருக்கோலத்தை ஒரே பார்வையில் முழுவதும் கொள்ளவும் முடியாது. திருவடியிலிருந்து திருமுடிவரை கண் நடந்தே தீரவேண்டும். அரங்கத்தில் இவ்வாறு நடந்த ஒரு கண்ணின் வரலாறே திருப்பாணாழ்வாருடைய அமலனாதிபிரான். திருவரங்கத்துப் பெரிய பெருமாளைப் பாடின ப்ரபந்தத்தை நாமக்கல்லில் அநுஸந்திக்கலாமோ என்று ஐயுறவேண்டியதில்லை. அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் எங்கும் பூர்ணனாக எழுந்தருளியிருக்கிறான் என்பது ஸித்தாந்தம். தவிர, ஆழ்வார் தமக்குக் கிடைத்த அநுபவத்தைப் பாசுரமாக்கி வைத்ததே, கிடையாதவர்கள் அதன்வழியே புகுவதற்காக.

பத்தே பாசுரங்கள். முதற்பாசுரத்தில் திருவடி, அடுத்து திருப்பீதாம்பரம், பின் திருநாபி, திருவயிற்றில் பட்ட உதரபந்தம், திருமார்பு, திருக்கழுத்து, திருவதரம், திருக்கண்கள், ஒன்பதாவதில் திருமேனி முழுவதும். பத்தாவதில், இவற்றைக் கண்ட கண்கள் இனி வேறொன்றையும் காணமாட்டா என்று தலைக்கட்டுகிறார். பாதாதிகேச வர்ணனை என்று அலங்கார நூலார் பெயரிட்டு விட்டுவிடுவர். வ்யாக்யாதாக்கள் அப்படி விடவில்லை. பெரியவாச்சான் பிள்ளையும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும், 'முநிவாஹன போகம்' என்று பெயரிட்டு வேதாந்த தேசிகரும் இச்சிறு ப்ரபந்தத்துக்கு உரை அருளிச்செய்திருக்கிறார்கள். லோகஸாரங்க முனிவர் தோளில் எழுந்தருளினமையால் ஆழ்வாருக்கு முநிவாஹனர் என்று திருநாமம். அவருடைய போகம் இந்த ப்ரபந்தம். தேசிகர் 'வர்ணனம்' என்றோ 'ஸ்தோத்ரம்' என்றோ பெயரிடாமல் போகம் என்று இட்டது கருதத்தக்கது.

இப்பாசுரங்களின் வினைமுற்றுகளைச் சற்றே கூர்ந்து நோக்கவேண்டும். 'நான் திருவடியைக் கண்டேன்' என்று ஆழ்வார் தொடங்கவில்லை. திருவடி தானே வந்து தம் கண்ணுக்குள் ஆனதுபோல் இருக்கிறது என்கிறார். அங்கே எழுவாய் திருவடி. இரண்டாம் பாசுரத்தில் அவருடைய சிந்தை பீதாம்பரத்தின்மேல் போய்விட்டிருக்கிறது. மூன்றாவதில் உயிர் திருநாபியில் தங்கிக் கிடக்கிறது. அவர் போகவிட்டாரில்லை, போய்விட்டதை அறிவிக்கிறார். நான்காம் பாசுரம் முதல் ஒன்பதாம் பாசுரம்வரை அவயவமே கர்த்தா. உதரபந்தம் உள்ளத்தில் புகுந்து உலவுகிறது. திருமார்பு அவரை அடிமை கொள்கிறது. திருக்கழுத்து உய்விக்கிறது, திருவதரம் சிந்தையைப் பறிக்கிறது, திருக்கண்கள் பேதையாக்குகின்றன, திருமேனி நெஞ்சின் அடக்கத்தைக் கொள்ளைகொள்கிறது. ஆழ்வார் இங்கெல்லாம் செயப்படுபொருள்.

அப்படியாகில் பயிற்சிக்கு இங்கே இடம் ஏது என்று கேட்கலாம். எல்லாம் அவன் செயலானால் இவனுக்குச் செய்ய என்ன இருக்கிறது? ஆழ்வார் செய்தது ஒன்று உண்டு: நின்றார். காவிரியின் தென்கரையில் நின்று கோயிலை நோக்கிப் பாடிக்கொண்டே நெடுங்காலம் கழித்தவர் அவர். உள்ளே போகும் அதிகாரம் இல்லாதவராக உலகம் அவரை வைத்திருந்தது. அந்த நிலையில் இழந்ததை எண்ணி நெஞ்சைக் கசக்கிக்கொள்ளக் காரணம் நிறையவே இருந்தது. அவர் அக்கரையில் நின்றபடி அரங்கனை அநுபவித்துக்கொண்டிருந்தார் என்றே குருபரம்பரை சொல்லுகிறது. உள்ளே எழுந்தருளப்பண்ணப்பட்ட அன்று கண் ஓர் அவயவத்தை விட்டு மற்றொன்றுக்கு விரையாமல் நின்றது, அக்கரையில் பழகின பழக்கத்தால்தான் என்று கொள்வதில் தவறில்லை. ஆனந்தத்தை உண்டாக்குவது சேதனனுடைய பணி அன்று. அது வந்து உள்ளே புகும்போது ஓடிப்போகாமல் இருப்பது அவனுடைய பங்கு. அந்தப் பங்கும் அவன் தந்த ஞானத்தின் கார்யமே என்பது தனி விசாரம்.

இன்னொன்று. ஒவ்வோர் அவயவத்தோடும் ஓர் உபகாரத்தையும் ஆழ்வார் சேர்த்துக் காண்கிறார். பீதாம்பரத்தைக் காணும்போது உலகளந்த செயல் நினைவுக்கு வருகிறது. உதரபந்தத்தோடு இலங்கையர்கோனை வீழ்த்தினதும், திருமார்போடு தம்முடைய பழவினைத் தொடர்பை அறுத்ததும், திருக்கண்களோடு இரணியன் உடலைப் பிளந்ததும் வருகின்றன. அழகு மட்டும் காணப்பட்டால் கண் சலித்துவிடக்கூடும். அழகோடு 'இது எனக்காகச் செய்தது' என்ற நினைவு சேரும்போது நெஞ்சுக்கு அங்கே இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. உபகாரஸ்ம்ருதி என்று பூர்வர்கள் பெயரிட்டது இதுவே. நாமக்கல்லில் இதைக் கண்ணாலேயே பழகலாம். நரஸிம்மர் குடைவரையில் உலகளந்த திருக்கோலமும் இரணியனைப் பிளக்கும் திருக்கோலமும் சுவரிலே வடிக்கப்பட்டிருக்கின்றன. இரணியன் உடலைப் பிளந்த அந்தத் திருக்கோலத்தை ஸேவித்து, மலையைச் சுற்றிவந்து அரங்கநாதருடைய திருக்கண்களை ஸேவிக்கிறவருக்கு எட்டாம் பாசுரத்தின் பொருளை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. தேசிகர் ஸம்ஸ்க்ருதத்தில் 12 ச்லோகங்களாக அருளிச்செய்த பகவத்த்யான ஸோபாநமும் இதே ஏறுமுறையை உடையது. ஸோபாநம் என்றால் படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றினாலொழிய அடுத்த படி இல்லை.

உலகப் பொருள்களில் நெஞ்சு கொள்ளும் சுவையை என்ன செய்வது? முறுக்கின் சுவையைக் கூர்ந்து அறியப் பழகினவன் நாவுக்கு அடிமையாகிவிடமாட்டானா? இதற்கு ஸம்ப்ரதாயம் சொல்லும் விடையைப் பிள்ளை உறங்காவில்லிதாஸர் வ்ருத்தாந்தத்தில் காணலாம். உறையூர் மல்லரான அவர், திருவரங்கத்துத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே, தம் மனைவி பொன்னாச்சியாருடைய கண்களில் வெயில் படாமல் குடைபிடித்து, அக்கண்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஊர் நகைத்தது. எம்பெருமானார் நகைக்கவில்லை, 'பெண்ணாசையை விடு' என்று உபதேசிக்கவும் இல்லை. இதைவிட அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவாயோ என்று கேட்டு, பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச்சென்று அத்திருக்கண்களைக் காட்டியருளினார். மல்லர் மீண்டும் பழைய கண்ணோடு திரும்பவில்லை.

இவ்வரலாற்றை விஷயாந்தர வைராக்யத்துக்கு உதாரணமாக மட்டுமே சொல்லிப்போவது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான். கூட்டத்தையும் நகைப்பையும் மறந்து ஓர் அழகில் நிற்கும் ஆற்றல் அவரிடம் முன்பே இருந்தது. எம்பெருமானார் அதை அறுக்காமல் அதற்கு ஏற்ற விஷயத்தைக் காட்டினார். எதிலும் நில்லாத நெஞ்சுடையவனை அன்று அழைத்துச்சென்றிருந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு வரம் கேட்டிருப்பான். பொன்னாச்சியாரும் உடையவர் திருவடிகளை ஆச்ரயித்து ஞானவதியாகப் பெயர்பெற்றார் என்பதையும் மறக்கலாகாது, பார்க்கப்பட்டவரும் இழக்கவில்லை. நம்மாழ்வார் ஆறாம் பத்தில், உண்ணும் உணவும் பருகும் நீரும் மெல்லும் வெற்றிலையும் எல்லாம் தமக்குக் கண்ணனே என்றிருக்கும் நிலையைப் பேசுகிறார். வ்யாக்யானம் இம்மூன்றையும் தாரகம், போஷகம், போக்யம் என்று பிரித்துக் காட்டும்: உயிரைத் தரிக்கச்செய்வது, வளர்ப்பது, இனிமையாவது. பெருமாளுக்கு அமுதுசெய்வித்து ப்ரஸாதமாகக் கொள்ளும் கைமுறுக்கை மெல்ல மென்று சுவைக்கிறவன் இந்த மூன்றில் கடைசியையேனும் அறிந்தவனாகிறான். அவசரத்தில் விழுங்குகிறவனுக்கு அதுவும் இல்லை.

இனி, நல்லதைக் காண் என்பது கண்முன் உள்ள தீமையைக் காணாதே என்பதாகுமா? கடன்பட்டவனிடமும், பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமும் 'நல்லதை நினை' என்று சொல்லுவது எளிது, கேட்பது எளிதன்று. பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறார். தன் குற்றங்களை அநுஸந்தித்தால் அச்சம் பிறக்கும். எம்பெருமானுடைய குணங்களை அநுஸந்தித்தால் அச்சம் நீங்கும். இவை இடம் மாறினால் அறியாமையே மிஞ்சும் என்பது அவர் அருளிச்செய்ததன் கருத்து. குற்றத்தை மறக்கச் சொல்லவில்லை. குற்றத்துக்குரிய இடத்தில் அச்சமும் குணத்துக்குரிய இடத்தில் தேற்றமும் இருக்கவேண்டும் என்கிறார். தன் குற்றத்தைக் கண்டும் அஞ்சாதவனும், அவன் குணத்தைக் கண்டும் அஞ்சுகிறவனும் ஆகிய இருவரும் அஜ்ஞர். இன்று 'எல்லாம் நன்மைக்கே' என்று புன்னகைக்கச் சொல்லும் உபதேசங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

தனக்குத் தீங்கு செய்தவனிடத்தில் ஒருவன் இருக்கவேண்டிய இருப்பையும் அதே நூல் பேசுகிறது. அவனைப் பொறுப்பது, அவன் தனக்கே கேடு செய்துகொள்கிறானே என்று இரங்குவது, அவன் வைதது தன் உடம்பையும் அதன் தொடர்புகளையும்தானே, ஆத்மாவை எட்டவில்லையே என்று சிரிப்பது, தன் பகையான உடம்பையும் பற்றையும் அவன் பழித்தானே என்று உகப்பது, மறந்திருந்த தன் குற்றத்தை நினைவூட்டினானே என்று உபகாரமாகக் கொள்வது. இவ்வைந்தும் ஒரே நாளில் ஒருவனுக்கு வருவதில்லை. பொறுமையே பலருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கும். ஆனால் வரிசையைக் கவனிக்கவேண்டும்: உபகாரஸ்ம்ருதி முதலில் இல்லை, கடைசியில் இருக்கிறது. அடிபட்டவனிடம் எடுத்த எடுப்பில் நன்றி பாராட்டச் சொல்லும் கொடுமை இங்கே இல்லை.

இதை எழுதியருளினவர் ஸுகமாக வாழ்ந்து மறைந்தவர் அல்லர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லிப் படை திருவரங்கத்தில் புகுந்தபோது, நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு முதிய வயதில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கத்துக்கு மீண்டது 1371இல். இடைப்பட்ட பல ஆண்டுகளில் அரங்கத்து அடியார்கள் நம்பெருமாளை ஸேவிக்க இயலாமல் வாழ்ந்தார்கள். உத்ஸவம் காணாமல் மறைந்துபோனவர்களும் பலர். முநிவாஹன போகத்தையும் த்யான ஸோபாநத்தையும் அருளிச்செய்த தேசிகரும் அரங்கத்தைவிட்டுப் போகநேர்ந்தவர்களில் ஒருவர். அரங்கநாதன் மீண்டும் எழுந்தருளவேண்டும் என்று அக்காலத்தில் அவர் விண்ணப்பித்த ஸ்தோத்ரத்துக்கு அபீதிஸ்தவம் என்று பெயர். அபீதி என்பது அஞ்சாமை. கண்ணுக்கு விஷயம் இல்லாதபோதும் நெஞ்சு படிப்படியாக ஏறக்கூடிய ஒரு படிக்கட்டு இருந்தால் மனிதர் தரித்திருக்க முடியும் என்பதற்கு அந்தத் தலைமுறையே ஸாக்ஷி. நன்மையைச் சுவைக்கும் பழக்கத்தை ஓய்வுவேளைக்குரிய இனிமையாக அவர்கள் கருதியிருந்தால், அது அந்த ஆண்டுகளைத் தாங்கியிராது.

அபாயம் என்று முன்னே சொன்னது இனி. நெஞ்சை இனிமையில் நிறுத்தப் பழகினவன், நாளடைவில் அந்த இனிமையைத் தன்னுடையதாகக் கொள்ளத் தொடங்குவான். 'இன்று நல்ல ஸேவை. எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது' என்பான். நாளை நிறைவு வாராவிட்டால் கோயிலின்மேலும் அர்ச்சகர்மேலும் குறை சொல்லுவான். உளவியலார் இங்கே குற்றம் காணமாட்டார்கள். அநுபவிக்கிறவனுடைய நலமே அவர்களுக்கு எல்லை. ஸம்ப்ரதாயத்தின் எல்லை அது அன்று. த்வயத்தின் உத்தரவாக்யத்தில் கைங்கர்யத்தைப் பிரார்த்தித்த பிறகு மீண்டும் ஒரு 'நம:' வருகிறது. பேற்றைக் கேட்டாகிவிட்டபின் இது எதற்கு என்ற கேள்விக்கு முமுக்ஷுப்படி விடை தருகிறது: கைங்கர்யத்தில் விளையும் களையை அறுப்பதற்கு, களையாவது, தன் இன்பத்துக்காகச் செய்கிறேன் என்னும் நினைவு. பயிர் நன்றாக விளையும் நிலத்தில்தான் களையும் செழிக்கும். அநுபவம் வற்றின நெஞ்சுக்கு இந்த ஆபத்து இல்லை. நெஞ்சைப் பழக்கினவனுக்கே உண்டு.

அப்படியாகில் சந்தனமும் புஷ்பமும்போல அவனுக்கு இனிதாக இருந்து, தான் ஒன்றும் உணராமல் கிடப்பதே ஸ்வரூபத்துக்குச் சேருமோ? சேராது என்பதைக் குலசேகரப் பெருமாள் காட்டுகிறார். திருவேங்கடமுடையான் வாயிலில் படியாகக் கிடக்க ஆசைப்பட்ட அவர், அதோடு நிறுத்தவில்லை. படியாகக் கிடந்தபடியே அவனுடைய திருவதரத்தைக் காணவேண்டும் என்றும் கேட்கிறார். படி காணுமோ? கல்லுக்குக் கண் உண்டோ? ஆனால் ஆசைப்பட்டது அப்படித்தான். கிடக்கும் கிடையில் அசித்தைப்போல, தனக்கென்று ஒன்றும் கொள்ளாமல் இருக்கவேண்டும். காணும் காட்சியில் சேதனனாக, அவன் திருமுகத்தில் மலரும் உகப்பைக் கண்டு உகக்கவேண்டும். திருவேங்கடத்தில் கர்ப்பக்ருஹ வாயிற்படியை இன்றும் குலசேகரப்படி என்றே வழங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவனிடம் இந்த இரண்டில் ஒன்றும் இல்லை: அவன் படியைப்போல் தனக்கென்று ஒன்றில்லாமல் கிடக்கவும் இல்லை, சேதனனைப்போல் காணவும் இல்லை.

நாள்தோறும் ஒரே திருமேனியைக் கண்டால் பழகிப்போகாதா என்ற கேள்வி எஞ்சுகிறது. பழகிப்போவதுதான் உலக இன்பங்களின் நியதி. பத்தாம் முறுக்கு முதல் முறுக்கு ஆவதில்லை. நம்மாழ்வார் இரண்டாம் பத்தில், நாளும் திங்களும் ஆண்டும் ஊழியும் கடந்தும் ஒவ்வொரு கணமும் அந்தந்தக் கணத்துக்கே புதிதான, தெவிட்டாத அமுதமாக எம்பெருமானைப் பேசுகிறார். புதுமை கண்டவன் மனநிலையால் வருவதாயின் ஒருநாள் வற்றும். குணங்கள் எல்லையற்றவையாதலால், கண் நிற்கப் பழகினால் ஒவ்வொரு நாளும் முன்பு கண்டிராத ஒன்று அகப்படும். திருப்பாவையில் ஆண்டாள் பத்துப் பெண்களை எழுப்பும் பாசுரங்களை இவ்வகையில் படித்துப் பார்க்கலாம். வெளியே நிற்பவர்கள் ஒவ்வொரு வாசலிலும் வெவ்வேறு விடியல் அடையாளத்தைச் சொல்லுகிறார்கள்: புள் சிலம்பினது, தயிர் கடையும் ஒலி, கீழ்வானம் வெளுத்து எருமைகள் மேயப் புறப்பட்டது, வெள்ளி எழுந்து வியாழன் மறைந்தது, புழைக்கடைக் கிணற்றடியில் செங்கழுநீர் வாய்திறந்து ஆம்பல் கூம்பினது. விடியல் ஒன்றுதான். ஒருத்திக்குச் சொன்னதை அப்படியே மற்றொருத்திக்குச் சொல்லி எழுப்பியிருக்கலாம். அவர்களுடைய செவியும் கண்ணும் அத்தனை விழிப்பாக இருந்தமையால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு புதிய அடையாளம் கிடைத்தது. மார்கழி முழுவதும் பாசுரத்தை ஒப்பிக்கிற நம்மில் பலர் அன்றைய கீழ்வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாமக்கல்லில் நரஸிம்மருக்கு எதிரே கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர் 18 அடி உயரமுள்ளவர். மேலே விமானமோ கூரையோ இல்லை. வெயிலும் மழையும் அவர்மேலேயே விழுகின்றன. ஸ்ரீராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் அவர் பெருமாளிடம் கேட்டது, தம் அன்பு அவரிடத்திலேயே இருக்கவேண்டும், நெஞ்சு வேறெங்கும் போகக்கூடாது, அவர் சரிதம் உலகில் நடக்குமளவும் தாம் இங்கே இருக்கவேண்டும் என்பதே. திருப்பாணாழ்வாருடைய பத்தாம் பாசுரத்தில் கண்கள் நின்ற நிலையும் இதுதான். ஒருவருக்குக் கண், மற்றவருக்கு நெஞ்சு. ஆட்டையாம்பட்டியிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஞ்சநேயரை ஸேவித்து, வடைமாலை சாத்தி, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிவிடுகிறார்கள். அவர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கிறவருக்கு நரஸிம்மர் ஸந்நிதி அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனால் அரங்கநாதர்.